டேப்லட்டுக்கு வைத்த பொட்டு

ஏழாம் நம்பர் டேப்லட்டை மடியில் சாய்த்துக்கொண்டு, பழைய வேட்டித் துணியால் அதன் கண்ணாடியை மேலிருந்து கீழாகத் துடைத்துக்கொண்டிருக்கிறார் புஷ்பவள்ளி. குறுக்கே துடைக்க மாட்டார், கோடு விழுமாம். லூனாஸ் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் அவருக்குத் துப்புரவு வேலைதான். ஆனாலும் இருபத்து நான்கு டேப்லட்டும் இருக்கிற அலமாரியின் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும்.

மீன் குழம்பு சாப்பிட்ட நாளில், சவர்க்காரம் போட்டு இரண்டு தடவை கை கழுவாமல் அவற்றைத் தொட மாட்டார். தவறிக் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். சார்ஜ் போடும்போது, "நல்லா குடிச்சுக்கங்க, நாளைக்குப் பிள்ளைங்க வருவாங்க" என்பார். ஒன்பதுக்குப் பசி அதிகம், பதினைந்துக்குக் காது மந்தம் என்று ஒவ்வொன்றின் குணமும் அவருக்கு அத்துப்படி. நான்காம் ஆண்டு ஆசிரியர் வசந்தன்கூட ஏதாவது ஒன்று மக்கர் செய்தால் முதலில், "அக்கா, கொஞ்சம் வாங்க லா" என்று இவரைத்தான் கூப்பிடுவார்.

அவை மாவட்டக் கல்வி அலுவலகம் அரை வருடத்துக்கு இரவலாகக் கொடுத்தவை. ஒழுங்காகப் பயன்பட்டால் இங்கேயே இருக்கும். இல்லையென்றால் வேறு பள்ளிக்குப் போய்விடும்.

சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு அவற்றையும் புஷ்பவள்ளி அடுக்கி வைத்தார். படிக்கிற பொருளுக்குப் பொட்டு வைக்காமல் எப்படி? முன்பக்கத்தில் வைத்தால் கண்ணாடியில் கறை படியும் என்று பின்பக்கம் திருப்பினார். மேலே நடுவில் வட்டமாக ஒரு கறுப்பு, நெற்றி மாதிரியே இருந்தது. குழைத்த சந்தனத்தை அதில் அப்பிக் குங்குமமும் இட்டார். பூசையில் வைத்த பொட்டை நாமாக அழிக்கக் கூடாது, தானாக உதிரட்டும் என்று அதற்குப் பிறகும் முன்பக்கத்தை மட்டுமே துடைத்து வந்தார்.

அடுத்த வாரம், டேப்லட்டுகள் ஒழுங்காகப் பயன்படுகின்றனவா என்று பார்க்கக் கல்வி அலுவலக அதிகாரி வந்தார், மலாய்க்கார அம்மா. அன்றைய பாடம், இலைகளைப் படம் பிடித்து நரம்புகளைப் பார்ப்பது. பிள்ளைகள் ரப்பர் இலையையும் மரவள்ளி இலையையும் சுற்றிச் சுற்றி எடுத்தார்கள். பாதி உதிர்ந்து பாதி ஒட்டிக்கிடந்த சந்தனம், எல்லாப் படத்திலும் மூட்டம் போட்டிருந்தது.

"சார், டேப்புக்கெல்லாம் மஞ்சக்காமாலை லா" என்றாள் ரூபினி. வகுப்பே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. பராமரிப்பு இப்படித்தானா என்று மலாயில் கேட்டார். ஒன்றைத் திருப்பிப் பார்த்ததுமே வசந்தனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் வாசலில் துடைப்பத்தோடு நிற்கிறவரைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. பொருள் கொஞ்சம் பழையது, அதனால் இருக்கலாம் என்று இழுத்தார். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

புஷ்பவள்ளி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். தப்பு தன்னுடையது என்று தனக்குத் தெரிந்த சந்தை மலாயில் அதிகாரியிடம் சொன்னார். அதற்கு மேல் சொல்ல அந்த மொழி போதவில்லை. வசந்தனைப் பார்த்தார்.

"நாந்தான் சார் பொட்டு வச்சேன். அது அதோட கண்ணுன்னு தெரியாது, நெத்தின்னு நெனச்சிட்டேன். என்னைய எழுதிக்கட்டும். அதுங்க மேல ஒரு குத்தமும் இல்லன்னு சொல்லுங்க சார்."

வசந்தன் மொழிபெயர்த்தார். அதிகாரி புஷ்பவள்ளியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, ஒன்றைத் துடைத்துக் காட்டச் சொன்னார். ஈரத்துணியால் வட்டத்தை ஒற்றி ஒற்றி எடுத்து, புஷ்பவள்ளி அதை ரூபினியிடம் நீட்டினார். "ஆண்டி, அங்கேயே நில்லுங்க" என்று ரூபினி அவர் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். அதிகாரி அவள் தோளுக்குப் பின்னால் வந்து குனிந்தார்.

படம் பளிச்சென்று விழுந்தது. நன்றாகத்தானே இருக்கிறது, இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லி அதிகாரி தாளில் குறித்துக்கொண்டார். மற்றப் பிள்ளைகள் மறுபடி இலைகளுக்கு ஓடினார்கள். புஷ்பவள்ளி மட்டும் நின்ற இடத்திலேயே, ரூபினி இன்னும் தூக்கிப் பிடித்திருந்த அந்தக் கறுப்பு வட்டத்துக்கு நேரே கூப்பிய கைகளை இறக்காமல் நின்றார்.