சூரியனை மங்கவைக்கும் செக்ரட்டரி

செம்பூரில் எங்கள் கட்டடத்தின் கடைசி மாடியில் என் வீடு. மொட்டைமாடிக்கு வெள்ளை பெயின்ட் அடித்தால் சூடு குறையும் என்று, தரைத்தளத்தில் வசிக்கும் ஹவுசிங் சொசைட்டி செக்ரட்டரி மாமாவிடம் இன்று காலை மறுபடியும் கேட்டேன்.

"அரே, எதுக்கும்மா வீண் செலவு? சயின்டிஸ்ட்லாம் பிளேன்ல ரொம்ப உசரத்துக்குப் போய் கந்தகத்தைத் தூவப்போறா. வெய்யில் அப்படியே திரும்பிப் போயிடும். உலகமே ஜில்லுனு ஆயிடும். வீடியோல பாத்தேன்."

"எப்போ மாமா?"

"இருபது வருஷத்துக்குள்ள வந்துடும். அதுவரைக்கும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

"அந்த வீடியோவை எங்காத்துக்கு வந்து காட்டுங்கோளேன்" என்றேன்.

மத்தியானம் உற்சாகமாக வந்து சோபாவில் உட்கார்ந்தார். வீடியோவில் விமானம் கிளம்புவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"ஃபேனை ஃபாஸ்ட்டா வையேன்."

"ஃபாஸ்ட்லதான் மாமா சுத்தறது."

கந்தகம் தூவும் கட்டம் வரை அவர் இருக்கவில்லை. "நாளைக்கே பெயின்டரை வரச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டார்.

உலகத்துக்கே நிழல் தரத் துணிந்தவரால் என் வீட்டில் ஒரு வீடியோவை முழுசாகப் பார்க்க முடியவில்லை.

உங்கள் சொசைட்டியில் சூரியனை மங்கவைக்கும் பொறுப்பு யாரிடம்?