தகர டப்பாவில் விழாத மழை

இல்லைங்க, திம்மராயன் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்கவில்லைதான். என் பேரனைப் பார்க்க வருகிற யாரும் அதைக் கேட்பதில்லை. குழந்தையின் மூக்கு யாரைப் போல என்றுதான் கேட்கிறார்கள். என்னைப் போலத்தான். விரலைக் கொடுத்தால் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறான், அவ்வளவு பலம். தாயும் சௌக்கியம். ஆனால் பிள்ளை பிறந்து இருபது நாள் ஆகியும் நாலு வீடு தள்ளி இருக்கிற திம்மராயன் மட்டும் எங்கள் வாசல் பக்கம் வரவில்லை. அதனால்தான் அவனைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். நான் மூன்றாவது வரைக்கும்தான் படித்தவன். பிழை இருக்கும்.

காவேரிப்பட்டினத்துக்கு எதிர்க்கரையில் எங்கள் ஊர். நடுவில் பெண்ணையாறு. திம்மராயனுக்கு இரண்டு ஏக்கர் கேழ்வரகுக் கொல்லை, ஒரு பசுமாடு, ஒரு தகர டப்பா. எட்டு வருஷத்துக்கு முன்னால் தாலுக்கா ஆபீசில் ஓடு மாற்றும் வேலைக்குப் போனவன், அங்கே ஒரு குமாஸ்தா மழைத் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி அளந்து எழுதுவதைப் பார்த்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து டப்பாவை வெட்டவெளியில் கல்மேல் வைத்து, தினமும் விடிந்ததும் துடைப்பக்குச்சியை விட்டுப் பார்ப்பான். எத்தனை விரற்கடை நனைந்ததோ அத்தனை கரிக்கோடு சுவரில். ஒரு பொங்கலுக்கு அவன் பெண்டாட்டி மாரம்மா சுவரெல்லாம் வெள்ளையடித்துவிட்டாள். மூன்று வருஷ மழை போயிற்று. அப்புறம் கதவின் உள்பக்கம் ஆணியால் கீற ஆரம்பித்தான்.

அவனாக ஒருநாளும் மழை வரும், வராது என்று சொல்லமாட்டான். "நேத்து ஒன்றரை விரக்கடைங்க" என்பதோடு சரி. நாங்கள்தான் விடமாட்டோம். கேழ்வரகு அறுக்கலாமா, கடலைக்காய் பிடுங்கலாமா என்று போய் நிற்போம். காற்றைப் பார்ப்பான், மின்னல் எந்த மலைமேல் என்று பார்ப்பான், தலையைச் சொறிந்துகொண்டு எதையாவது சொல்வான். பத்துக்கு ஏழு பலிக்கும். ஏழையும் ஊரே பேசும். தப்பின மூன்று அவன் கதவில் மட்டும் இருந்தது.

இந்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலு ஐப்பசியில், ஒரு விடியற்காலை, என் பெண் செல்வம்மாளுக்கு வலி கண்டது. பிரசவம் பார்க்கிற மாதம்மாள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தலை எறங்கல. அக்கரை டாக்டரம்மாகிட்ட காட்டிரலாம்" என்றாள். பாலத்தைச் சுற்றிப் போனால் மத்தியானம் ஆகும். ஆற்றில் வண்டியை இறக்கினால் அரை மணி நேரம்; மணலும் முழங்கால் தண்ணீரும்தான். நான் திம்மராயன் வீட்டுக்கு ஓடினேன்.

"ஏம்ப்பா, மழை வருமா?"

"நாலு நாளா டப்பா காஞ்சு கெடக்குதுங்ணா. காத்தும் வறண்ட காத்து."

"அப்போ ஆத்துல எறங்கலாந்தானே?"

"ஆறு வேறங்ணா. அது எங்கிருந்தோ..."

"வருமா வராதா? ஒண்ணு சொல்லு."

என் முகத்தைப் பார்த்தான். என் முகம் அப்போது எப்படி இருந்ததோ. "வராதுங்ணா" என்றான். சொன்னவன் சும்மா இருக்காமல், துண்டை உதறிக் கட்டிக்கொண்டு மாட்டுக்கு முன்னால் நடந்து வந்தான்.

ஆறு அந்த இடத்தில் ஒரு மணல்திட்டைச் சுற்றி இரண்டாகப் பிரியும். முதல் கிளையைத் தாண்டித் திட்டில் ஏறினோம். இரண்டாவது கிளையில் இறங்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அண்ணா, தண்ணி செவந்து வருது. நுரை பாருங்க. திருப்புங்க வண்டிய."

திருப்பினோம். அதற்குள் நாங்கள் தாண்டி வந்த பக்கம் மாட்டின் வயிற்றுக்கு ஏறிவிட்டது. மைசூர் சீமையில் இரண்டு நாளாகக் கொட்டிய மழை என்று பிறகு தெரிந்தது. எங்கள் தலைக்குமேல் ஒரு மேகம் இல்லை. வெயில் பொசுக்கியது.

இந்தப் பக்கம் இருபது எட்டு வைத்தால் தண்ணீர். அந்தப் பக்கம் இருபது எட்டு வைத்தால் தண்ணீர். நான் நடந்துகொண்டே இருந்தேன். கரையில் ஜனம் கூடிக் கையை ஆட்டிக் கத்தியது; இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. வாய்க்கு வந்தபடி திம்மராயனை ஏசினேன். வண்டிக்குள்ளிருந்து மாதம்மாள் தலையை நீட்டினாள்.

"எங்கடா உன் டப்பா? கொண்டா, இந்த ஆத்த அளந்து காட்டு!"

"அவர ஏசாதீங்க அத்தே" என்றாள் செல்வம்மாள், வலியிலும் பல்லைக் கடித்துக்கொண்டு. "மாமா மழை வராதுன்னாரு. ஒரு சொட்டு வந்துச்சா?"

மாதம்மாள் சிரித்துவிட்டாள். திம்மராயன் சிரிக்கவில்லை. குச்சிகளை ஒடித்துத் தண்ணீர் ஓரமாக வரிசையாக நட்டான். ஒவ்வொன்றாக முழுகின. முழுக முழுகப் பின்னால் வந்து வேறு நட்டான்.

சாயங்கால வெயிலில் என் பேரன் அந்த வண்டியிலேயே பிறந்தான். தலை தானாக இறங்கி வந்தது. பிள்ளை போட்ட சத்தம் ஆற்றுச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நான் மணலில் உட்கார்ந்து அழுதேன். சுற்றிலும் தண்ணீர் இருப்பதே கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று.

பொழுது இறங்கியதும் செல்வம்மாளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. தொட்டால் நெருப்பு. மாதம்மாள் சிரிப்பதை விட்டுவிட்டாள். "விடிஞ்சதும் டாக்டரம்மா பாத்தாகணும் கோவிந்தப்பா. அதுக்கு மேல எங்கிட்ட வைத்தியம் இல்ல" என்றாள்.

விடிந்ததும் திம்மராயனிடம் போனேன். குச்சிகளுக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தது. பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை.

"தண்ணி வடியுமா? இப்போ போலாமா? ஒண்ணு சொல்லுப்பா."

அவன் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினான். வண்டியிலிருந்து முட்டுக்கம்பை உருவிக்கொண்டான்.

"மூணு குச்சி வெளிய வந்திருக்குங்ணா. அது நடந்தது. இனிமே ஏறுமா எறங்குமான்னு எனக்குத் தெரியாது, கேக்காதீங்க. நான் மொதல்ல எறங்கறேன். அக்கரையில ஏறி நின்னு துண்ட வீசினா வண்டிய ஓட்டுங்க. வீசலைன்னா எறக்காதீங்க; புள்ள மேல வெயில் படாம பாத்துக்கங்க."