அவிழ்ந்தது என் முடிச்சுதான்

ஒரு முழம் பேண்டேஜ் துணி. என் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறேன். அது என்ன துணியென்று வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் அதிகம் படித்தவள் இல்லை. எழுத்துக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன், மெதுவாகத்தான் வரும்.

புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில், ஐ.சி.யூ.வில் ஆயாவாக வெகு காலம் வேலை பார்த்தேன். மூச்சுக்குக் குழாய் போட்டுப் படுத்திருப்பவர்கள் அரைமயக்கத்தில் அதைப் பிடுங்கிவிடுவார்கள் என்று, கையைக் கட்டில் கம்பியோடு கட்டிவைப்பது அங்கே வழக்கம். கட்டுவது என் வேலை. நான் ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டுகிற வீட்டில் பிறந்தவள். நசுங்காமலும் நழுவாமலும் முடிச்சுப் போடத் தெரிந்த கை. "ஆயாம்மா கட்டினா எமனே வந்தாலும் கத்திரிக்கோல் கேப்பான்" என்று நர்சுகள் கேலி செய்வார்கள். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

அப்போதுதான் டாக்டரம்மா ஐ.சி.யூ.வுக்குப் பொறுப்பாக வந்தார். புதன்கிழமை மத்தியானம் எல்லோரையும் உட்காரவைத்துக் காகிதங்களைப் படித்துச் சொல்வார். என்னையும் கூப்பிடுவார். தேசம் தேசமாக டாக்டர்கள் பார்த்து எழுதியதையெல்லாம் ஒன்றுவிடாமல் தேடி, ஒழுங்காகச் செய்தது எது, அரைகுறை எது என்று சலித்து, மொத்தமாக வைத்துப் பார்த்தால்தான் ஒரு காரியம் நல்லதா கெட்டதா என்று தெரியுமாம். "ஒருத்தர் சொன்னார்னு செய்யாதீங்க. நானே சொன்னாலும், எதை வச்சு சொல்றீங்கன்னு கேளுங்க" என்பார். கையைக் கட்டினால் குழாய் பிடுங்குவது குறையும் என்பதற்கு உறுதியான ஆதாரம் அகப்படவில்லை என்றார். கட்டாமல், பக்கத்தில் ஆள் இருந்து பேச்சுக் கொடுத்துப் பார்ப்போம், என்ன நடந்தாலும் நோட்டில் எழுதுவோம் என்று முடிவானது. என் முகம் சுருங்கியதைப் பார்த்துவிட்டார் போல. "உங்க முடிச்சுல குறை இல்ல ஆயாம்மா. கட்டணுமாங்கறதுதான் கேள்வி" என்றார்.

அந்தச் சமாதானம் எனக்குப் போதவில்லை. மருங்காபுரிப் பக்கத்து விவசாயி ஒருவர் டிராக்டரிலிருந்து விழுந்து வந்திருந்தார். இடது கையில் மாவுக்கட்டு, வலது கை சும்மாவே இருக்காது. ஒரு காலையில் அவர் பக்கத்தில் நான்தான் இருந்தேன்; அடுத்த படுக்கையைச் சுத்தம் செய்யப் போகவேண்டியிருந்தது. யாரும் பார்க்காதபோது அந்த வலது கையைக் கட்டிவிட்டுப் போனேன். திரும்புவதற்குள் முடிச்சு அவிழ்ந்து, குழாய் அவர் கையில் இருந்தது. நர்ஸ் ஓடி வருவதற்குள் துணியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மறுபடி குழாய் போட்டு அவரைப் பிழைக்க வைத்தார்கள். வீட்டுக்குப் போகும்போது குரல் மட்டும் கரகரத்துக் கிடந்தது.

டாக்டரம்மா நோட்டோடு என்னிடம் வந்தார். "கை கட்டியிருந்துதா ஆயாம்மா?"

திட்டுவார் என்ற பயமெல்லாம் இல்லை. என் முடிச்சு அவிழ்ந்தது என்று சொல்ல நாக்கு எழவில்லை. "இல்லீங்க" என்றேன்.

இதை எழுதினால் நிர்வாகம் பிடித்துக்கொள்ளும், விட்டுவிடலாமே என்றாள் நர்ஸ். "நமக்கு எதிரா இருக்கறத விட்டுட்டா, அப்புறம் நோட்டு எதுக்கு?" என்று சொல்லி, டாக்டரம்மா என் பொய்யைக் குண்டு குண்டான எழுத்தில் எழுதிக்கொண்டார்.

நர்ஸ் சொன்னபடியே ஆனது. அந்த ஒரு வரியைக் காட்டி மறுபடி கட்டச் சொல்லிவிட்டார்கள். ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று டாக்டரம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கொஞ்ச நாளில் வேலையை விட்டுப் போனார். போகிற அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒருத்தராவது மறைக்காம சொன்னீங்க" என்றார்.

போன மாசம் என் வீட்டுக்காரரை நிமோனியா என்று அதே ஐ.சி.யூ.வில் சேர்த்தோம். போய்ப் பார்த்தால் இரண்டு கையும் கம்பியோடு. என்னைக் கண்டதும் ஏதோ சொல்ல விரலை அசைத்தார். அவிழ்த்துவிடம்மா என்று நர்சுப் பெண்ணைக் கேட்டேன். "முடியாது பாட்டி. முன்னாடி ஒரு டாக்டர் கட்ட வேண்டாம்னு சொல்லி, ஒருத்தர் குழாயப் பிடுங்கிட்டாராம். அதுலேருந்து இங்க இதுதான் ரூல்" என்றாள்.

எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். என்னை வைத்துத்தான்.

வீட்டுக்காரர் வீடு வந்துவிட்டார். மணிக்கட்டில் கறுப்பு இன்னும் போகவில்லை. டாக்டரம்மா இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ. அன்றைக்கு இடுப்பில் செருகிய துணியை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அந்தக் கை கட்டித்தான் இருந்தது டாக்டரம்மா. நோட்டைத் திருத்திக்கொள்ளுங்கள்.