கனகலிங்கத்தாரின் நோர்வேச் சொல்

வட நோர்வேயில் பதினெட்டு வருஷம் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டிய கனகலிங்கத்தார், அங்கே உருப்படியாகக் கற்ற சொல் ஒன்றுதான்: ஃபான். பிசாசு என்று அர்த்தம். மனிதரைச் சோதித்து வழிகெடுப்பவன் என்ற ஏதோ பழைய சொல் தேய்ந்து அப்படி ஆனதாம். நல்ல மனிதர் வாயில் எடுக்கமாட்டார்கள் என்று, அகதிகளுக்கான மொழி வகுப்பில் ரீச்சர் முகம் சிவக்கச் சொன்னார். புருஷன் தன்னை என்ன சொல்லிக் கூப்பிடுகிறான் என்று தவமலருக்கு அன்றுதான் தெரிந்தது.

கூட மீன் வெட்டியவர்கள் கத்தி வழுக்கினால் சொன்னார்கள், பஸ் தவறினால் சொன்னார்கள். இந்த மனுசன் அதைப் பெண்சாதிக்கென்றே ஒதுக்கி வைத்தார்.

லண்டனுக்கு வந்து பிளேஸ்டோவில் குடியேறிய பிறகு அவருக்கு இன்னும் வசதி. விருந்தாட்கள் முன்னால் சிரித்துக்கொண்டே, "ஃபான், தேத்தண்ணி கொண்டா" என்பார். அர்த்தம் கேட்டால், "அங்கை பெண்சாதியைச் செல்லமாக் கூப்பிடுறது" என்பார். சனம் உருகிப்போகும். சில பெண்கள் தங்கள் புருஷன்மாரை முறைத்துப் பார்ப்பார்கள். தவமலர், பாவி மனுசி, தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைப்பாள்.

போன மாசியில் பக்கவாதம் வந்து அவருக்கு வலப்பக்கம் விழுந்தது. பேச்சும் போயிற்று. அந்த ஒரு சொல் மட்டும் மிஞ்சியது.

"பாத்தியளே அக்கா, எல்லாத்தையும் மறந்தும் உங்களை மறக்கேல்லை" என்று பார்க்க வந்த பிறேமினி கண்ணைத் துடைத்தாள். தவமலருக்கு அவளை அறையலாம் போலிருந்தது.

ஆஸ்பத்திரியில் கூட்டம் வைத்தார்கள். வீடா, பராமரிப்பு இல்லமா? இல்லம் என்று சொல்லத்தான் தவமலர் வந்திருந்தாள். வாழ்க்கையில் முதல்தடவையாக விடுதலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கனகலிங்கத்தார் அவளைப் பார்த்து, "ஃபான்" என்றார். என்ன சொல்கிறார் என்று கவுன்சில் அதிகாரி கேட்டாள். தவமலர் இங்கிலீஷ் சொற்களைத் தேடிக்கொண்டிருக்க, மகள் ஜதுர்ஷிகா முந்திக்கொண்டாள்: அம்மாவைக் கூப்பிடுகிறார், வீட்டுக்குத்தான் வரவேண்டுமாம்.

வெளியே வந்ததும் தவமலர், "பிள்ளை, அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறை" என்றாள்.

"தெரியும் அம்மா. எட்டாம் வகுப்பு வரைக்கும் நான் அங்கைதானே படிச்சனான்." மகள் ஃபோனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆவணியில எனக்குக் கலியாணம். அப்பாவை ஹோமில விட்டதெண்டால் மாப்பிள்ளை வீட்டில என்ன நினைப்பினம்?"

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் வந்தது, பின்னால் மனிதரும் வந்தார். முன்னறையில் கிடந்தபடி கூப்பிட்டார்.

"ஓம், வாறன்" என்று தவமலர் எழும்பிப் போனாள்.