பம்மலில் கேட்ட டகாரே

போன வாரம் தாம்பரம் ரயிலில் ஓர் ஆப்பிரிக்க இளைஞன் கைபேசியில் யாரிடமோ சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தான். ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனாலும் ஒட்டுக்கேட்டேன். பழக்க தோஷம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் பாயோர் என்பவர் குடியிருந்தார். கானா நாட்டின் வடகோடியிலிருந்து கல்லூரியில் படிக்க வந்தவர். தாய்மொழி டகாரே. கல்லூரியில் அவர் நாட்டுக்காரர்கள் இருந்தார்கள். அந்தச் சின்ன மொழி அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. "ஜெபம் பண்ணும்போது மட்டும்தான் அதைப் பேசுகிறேன்" என்பார் ஆங்கிலத்தில்.

நான் அப்போது பம்மலில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ரிசப்ஷனிஸ்ட். டாக்டருக்கு அடுத்தபடி நான்தான் என்று எனக்குள் ஒரு நினைப்பு. ஒரு காலையில் தோல் தொழிற்சாலை மேஸ்திரி ஒரு வெளிநாட்டுக்காரரைத் தாங்கிப் பிடித்தபடி வந்தார். புர்கினா ஃபாஸோவிலிருந்து பயிற்சிக்கு வந்தவராம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்.

"இன்னா சொல்றார்னே தெரியல மேடம். பிரெஞ்சாம். ஒரே பேஜாரா கீது."

உடனே போன் போட்டுப் பாயோரை வரவழைத்தேன். ஆப்பிரிக்கா என்றால் ஒரே மொழி என்பது என் அன்றைய ஞானம். வந்தவர் கையை விரித்தார். "எனக்குப் பிரெஞ்சு வராதே!"

அந்த நேரம் பார்த்து நோயாளி வலி தாங்காமல் ஏதோ முனகினார். பாயோர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு கட்டிலருகே குனிந்து மெல்ல ஏதோ சொன்னார். நோயாளி அவர் கையைப் பற்றிக்கொண்டு அழத் தொடங்கினார்.

"எங்கள் மொழிதான். எங்கள் ஊரை ஒட்டிய எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு" என்றார் பாயோர்.

டாக்டர் கேட்கக் கேட்க, பாயோர் சொற்களை மாற்றி மாற்றிப் போட்டு விசாரித்தார். தொப்புளில் தொடங்கிய வலி வலப்பக்கம் இறங்கியது தெரிந்ததும் "அப்பெண்டிக்ஸ்" என்று டாக்டர் எழுந்துவிட்டார். மதியமே ஆபரேஷன். தெர், அதுதான் நோயாளியின் பெயர், பிழைத்துக்கொண்டார்.

அப்புறம் ஞாயிறுதோறும் தெர் வந்துவிடுவார், எங்கள் மாடியில் சண்டைதான். பாயோருக்கு வீடு என்றால் 'யிரி'. தெர் கடைசி இகரத்தை விழுங்கிவிட்டு 'யிர்' என்பார். எது சரி என்று அம்மாவிடம் பஞ்சாயத்து வந்தது.

"நாம வீடுங்கறோம், பால்காரர் வூடுங்கறார். அதுக்காக அவர் பால வேணாம்னா சொல்றோம்?"

நான் மொழிபெயர்த்தேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த ஞாயிறு மறுபடியும் சண்டை.

பயிற்சி முடிந்து தெர் போனார். படிப்பு முடிந்து பாயோரும் போனார். கிளம்பும் அன்று அவரே 'யிர்' என்றார்.

அந்த மாடியை இடித்து ஃபிளாட் கட்டியாயிற்று. தெரு பேர்கூட மாறிவிட்டது. அம்மா மட்டும் அவர்களிடம் கற்ற காலை வணக்கத்தை விடவே இல்லை. தினமும் காபி டம்ளரை நீட்டி "அன்ஸோமா" என்பாள். இப்போது அம்மாவும் இல்லை. காபியை நானே போட்டு, பேசாமல் குடித்துவிட்டுப் போகிறேன்.