எந்தக் காலத்து ஆட்டம் ஒஸ்தி

என் நண்பனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் சர்க்கரை நோய் என்று எழுதியிருக்கிறார்கள். விசாரிக்க வருகிறவர்களிடம் அவனும் அதையே சொல்கிறான். என்னால் அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. அமெரிக்காவில் கோடிகோடியாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு கூடைப்பந்து ஆடுகிறார்களே, அவர்களை வைத்து நாங்கள் போட்ட சண்டைக்கும் என் வாய்க்கும் அந்தக் கால் போனதில் பங்கு உண்டு. என் வாய்க்குத்தான் ஜாஸ்தி.

இரண்டு பேரும் இந்தத் திருவண்ணாமலையில் ஒரே பள்ளிக்கூடத்தின் சிமெண்டுத் தரையில் ஆடியவர்கள். நான் ஆறடி மூன்று அங்குலம். ரிங்குக்கு அடியில் போய் நின்றுகொள்வேன், முதுகைக் கொடுத்து இடிப்பேன், பந்து வந்தால் உள்ளே போடுவேன். என்னை சென்டர் என்பார்கள். அவன் ஐந்தடி ஏழு. இடிக்க உடம்பில்லை. பாதி மைதானத்துக்குக் கொஞ்சம் இப்பால் நின்று வீசுவான், விழும். அப்போதெல்லாம் எங்கள் தரையில், தள்ளி நின்று போட்டால் மூன்று புள்ளி தருகிற கோடே கிடையாது. எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் இரண்டுதான். எங்கள் பி.டி. மாஸ்டருக்கு அவன் வீசுவதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். "அங்கேர்ந்து போடறதுக்கு உனுக்கு இன்னா கூலி ஜாஸ்தியா குடுக்கறாங்க? உள்ள பூந்து போடுடா!" என்று கத்துவார். பந்து விழுந்தாலும் திட்டு, விழாவிட்டாலும் திட்டு.

பிறகு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு துறைக்கு ஆள் எடுத்தார்கள். எங்களுக்குத் தெரிந்த தொழில்முறை ஆட்டம் அதுதான். பாதி நாள் ஆபீஸ், பாதி நாள் ஆட்டம், மாதம் பிறந்தால் சம்பளம். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். அவன் தூரத்திலிருந்து வரிசையாகப் போட்டான், ஒன்றுகூடத் தப்பவில்லை. தேர்வு செய்ய உட்கார்ந்திருந்தவர் காகிதத்தைப் பார்த்தபடியே, "தம்பி ஹைட் என்ன?" என்று மட்டும் கேட்டார். என்னை எடுத்துக்கொண்டார்கள். திரும்பி வரும்போது ஆரணி தாண்டுகிற வரைக்கும் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம், "ட்ரீட் எப்பொடா?" என்றான். நான் ஓய்வு பெறும் வரை அந்த வேலையில் இருந்தேன். அவன் தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்தான். கடையில் உட்கார்கிற வேலையே கிடையாது, நாள் முழுக்க நிற்க வேண்டும்.

அமெரிக்க ஆட்டத்தை நாங்கள் முதலில் பார்த்தது படமாக. ஆசிரமத்துக்குப் பக்கத்தில் வாடகை அறையில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன பத்திரிகை பழைய பேப்பர் கடைக்கு வந்திருந்தது. அதில் ஒரு ராட்சசன் போர்டுக்கு மேலே எம்பி நிற்பான். பல வருடம் எங்களுக்கு அவன் கீழே இறங்கவே இல்லை. பிறகு கேபிள் வந்தது. இப்போது ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரிலேயே நேரடியாக வருகிறது. அங்கே ராத்திரி ஆடுவது இங்கே நமக்குக் காலை. ஆறரை மணிக்கு ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டுக் குனிந்து உள்ளே போவோம். பிளாஸ்கில் டீ. கடை திறக்கிற நேரம் வரைக்கும் ஆட்டமும் சண்டையும்.

சண்டை எப்போதும் ஒன்றுதான், எந்தக் காலத்து ஆட்டம் ஒஸ்தி என்பது. இந்தக் காலத்து ஆட்டத்தில் எவனும் உள்ளே போவதில்லை. ஏழடி ஆள்கூட வெளியே நின்று மூன்று புள்ளிக்கு வீசுகிறான். எனக்கு வயிறு எரியும்.

"இதுவாடா ஆட்டம்? மாங்கா மரத்துல கல்லு வுட்டுகினு இருக்கானுங்க."

"நீ இடிச்சுகினு இருந்தியே, அதுக்குப் பேரு மட்டும் ஆட்டமா? மாடு கூடத்தான் இடிக்குது."

"எங்காலத்துல நீ உள்ள வந்திருந்தா எலும்ப எண்ணிகினு போயிருப்ப."

"அதான் நான் உள்ளயே வர்லயே!" என்று தொடையில் தட்டிச் சிரிப்பான். ஒவ்வொரு மூன்று புள்ளி விழும்போதும், "நான் போட்டப்போ ரெண்டு. அதுவும் திட்டோட" என்பான்.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கிழவர்கள் அமெரிக்காவைப் பற்றி அடித்துக்கொள்கிற மாதிரி இருக்கும். உண்மையில் அவனவன் அவனவனுக்காகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். இன்றைய ஆட்டத்தில் என்னை எவனும் சீந்த மாட்டான். அவனைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். நாங்கள் பிறந்த காலம் எனக்கு வேலை கொடுத்தது, அதே காலம் அவனைக் கடையில் நிற்க வைத்தது. இது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதை மட்டும் நாற்பது வருடமாக இரண்டு பேரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இந்தக் காலத்து ஆட்டக்காரர்களிடம் எனக்கு ஆகவே ஆகாத ஒன்று உண்டு. அடிபடாமலே உட்கார்ந்துகொள்வார்கள். உடம்புக்கு ஓய்வாம். காசு கொடுத்து வந்த கூட்டம் காத்திருக்கும், பெரிய ஆட்டக்காரன் கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு பெஞ்சில் சிரித்துக்கொண்டிருப்பான். எங்கள் மாஸ்டரிடம் நடக்குமா இது? அவருக்கு ஒரே சட்டம். கீழே விழுந்தவனைப் பார்த்து, "வலிக்குதா?" என்பார். "இல்ல சார்" என்றால், "வலிக்கலன்னா எறங்கு" என்பார். கணுக்கால் வீங்கியிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்வோம். எங்களுக்கு அதற்குமேல் மருத்துவம் தெரியாது.

போன மாசி மாதம் அவனுக்கு வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு புண் வந்தது. பட்டாணி அளவுதான். டாக்டர் பார்த்துவிட்டு ஆறு வாரம் அந்தக் காலைத் தரையில் ஊனவே கூடாது, மீறினால் புண் எலும்புக்குப் போகும், அப்புறம் காலை எடுக்க வேண்டி வரும் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அன்று மாலையே அவன் மனைவி என் வீட்டுக்கு வந்தாள்.

"நாங்க சொன்னா எகிர்றாருண்ணா. நீங்க சொன்னா கேப்பாரு. கடையில பையனப் போட்டுக்கலாம், காலுதாண்ணா முக்கியம். இந்த வாட்டி கிரிவலம் வேணாம்னு நீங்களே சொல்லிடுங்கண்ணா."

"நீ போம்மா. நான் சொல்லிக்கறேன்" என்றேன். பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்.

அவன் என்னைவிட புத்திசாலி. நான் சொல்வதற்கு முன்பே ஒழுங்காகத்தான் இருந்தான். அடுத்த வாரங்களில் காலை வேளைகளில் பேப்பர் பண்டல் இரண்டை அடுக்கி அதன்மேல் காலை நீட்டிக்கொண்டு ஆட்டம் பார்த்தான். நாலு வாரம் ஓடிவிட்டது. புண் சுருங்கி வந்தது. இன்னும் இரண்டு வாரம், அவ்வளவுதான் பாக்கி.

பங்குனிப் பௌர்ணமி வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் நாங்கள் இருவரும் ஒரு பௌர்ணமி விடாமல் சேர்ந்து மலையைச் சுற்றியவர்கள், செருப்பில்லாமல். அந்த மாதம் காலையிலேயே திதி ஆரம்பித்துவிட்டதால் கூட்டம் சேர்வதற்குள் ஆட்டம் முடிந்த கையோடு கிளம்பலாம் என்று நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

அன்றைக்குப் பார்த்தா அவனுக்குப் பிடித்த ஆட்டக்காரன் கோட்டு சூட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும்! நண்பன் குஷியாகிவிட்டான். "பாத்தியா, அவனும் ரெஸ்ட்டு, நானும் ரெஸ்ட்டு. நீ போய்ட்டு வாடா, நான் அடுத்த மாசம் வர்றேன்" என்றான்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சரிடா என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் கேட்டுக்கொண்டதும் அதைத்தானே. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியவில்லை. தனியாகப் பதினாலு கிலோமீட்டர் நடக்க எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். "கோட்டு சூட்டு ஒண்ணுதான் உனுக்கு பாக்கி" என்று ஆரம்பித்தேன். அவன் சிரித்தான். அவன் சிரித்தது எனக்கு இன்னும் ஏறியது. பட்டாணி அளவு புண்ணுக்கு மகாராஜா மாதிரி கால் நீட்டிக்கொண்டிருக்கிறாய் என்றேன். அதற்கும் சிரித்தான்.

"இதுக்குத்தாண்டா அன்னிக்கு உன்ன எடுக்கல" என்றேன்.

என் வாயில் மண்ணைப் போட. நாற்பது வருடம் அடக்கி வைத்திருந்ததை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் துப்பிவிட்டேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரை அணைத்தான். ஆட்டத்தில் இன்னும் பத்து நிமிடம் பாக்கி இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்கிறவன் மனுஷன். நான் விளையாட்டாக்கிவிடலாம் என்று நினைத்து மாஸ்டரின் குரலில், "வலிக்குதா?" என்றேன்.

"இல்ல" என்றான்.

"வலிக்கலன்னா எறங்கு."

பண்டல் மேலிருந்து காலை எடுத்துக் கீழே வைத்தான்.

வெயில் ஏறிவிட்டிருந்தது. செங்கம் ரோட்டிலேயே தார் சுடத் தொடங்கியது. நான் நிழல் பார்த்து ஓரமாகத் தத்தித் தத்திப் போனேன். அவன் நடு ரோட்டில் நடந்தான். அடி அண்ணாமலை வருவதற்குள் என் மூட்டு இரண்டும் கெஞ்ச ஆரம்பித்துவிட்டன. அவன் திரும்பிப் பார்த்து, "இன்னாடா, பழைய காலத்து ஆட்டக்காரரு பின்னாடியே வர்றாரு?" என்றான். முகத்தில் பழைய சிரிப்பு. கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "வலிக்கவே இல்லடா. இன்னொரு சுத்து கூட வருவேன்" என்றான். நான் சந்தோஷப்பட்டேன். நம் காலத்துக் கால்டா என்று அவனிடமே சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ராஜகோபுரத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்த பிறகுதான் பாதத்தைத் திருப்பிப் பார்த்தான். தோல் வெந்து உரிந்து தொங்கியது. கட்டைவிரலுக்கு அடியில் புண் பிளந்து மண்ணும் ரத்தமுமாக இருந்தது. யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இவ்வளவு தூரம் எப்படி நடந்தார் என்று டாக்டர் கேட்டார். வலிக்கவில்லை என்று சொன்னான் சார் என்றேன்.

"வலிக்காதுங்க. சர்க்கரை அந்தக் கால்ல நரம்பைச் சாப்பிட்டு ரொம்ப நாள் ஆச்சு. வலிக்கலைங்கறதுதான் அவருக்கு வியாதியே" என்றார்.

முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு பாதி பாதம். அதோடும் நிற்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்த அன்று அவன் மனைவி வராந்தாவில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீங்க சொன்னீங்களாண்ணா?"

"சொன்னேம்மா. கேக்கல."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். வார்டுக்குள் அவனிடமும் கேட்டிருக்கிறாள். அவன் கண்ணைத் திறக்காமல், "அவன் வேணாம்னுதான் சொன்னான். நான்தான் கேக்கல" என்றானாம். என்னிடம் வந்து அவளே சொன்னாள். அப்படிச் சொல்லச் சொல்லி நான் கேட்டதும் இல்லை, என்ன சொல்லட்டும் என்று அவன் கேட்டதும் இல்லை. அவளுக்கு இன்றுவரை உண்மை தெரியாது. வீட்டுக்குப் போனால், "அண்ணனுக்கு டீ போடறேன்" என்று எழுந்துபோகிறாள். அதையும் வாங்கிக் குடிக்கிறேன்.

கடையை வேறு ஒருவருக்கு விட்டாயிற்று. காலையில் அவன் வீட்டுக்குப் போகிறேன். கட்டிலில் போனைச் சுவரில் சாய்த்து வைத்து ஆட்டம் பார்க்கிறோம். இப்போது நான்தான் அவன் கட்சி. "இந்தக் காலத்து ஆட்டம்தாண்டா ஒஸ்தி. உடம்பப் பாத்துக்கறானுங்க" என்று நானாகவே ஆரம்பிப்பேன். ஒருமுறையாவது அவன் தொடையில் தட்டிக்கொண்டு சண்டைக்கு வர மாட்டானா என்று இருக்கும். "எல்லாம் ஒண்ணுதான். கம்முனு பாரு" என்கிறான். மூன்று புள்ளி விழுந்தாலும் பேசாமல் இருக்கிறான். பந்து சும்மா விழுந்துகொண்டே இருக்கிறது.

நேற்று காலை ஆட்டத்தின் நடுவில் திடீரென்று பல்லைக் கடித்துக்கொண்டு தொடையைப் பிடித்தான். நெற்றியில் வேர்த்துவிட்டது.

"வலிக்குதா?" என்றேன்.

"வலிக்குதுடா" என்றான். "கட்டைவெரலு. அந்தப் புண்ணு இருந்த எடம். நெருப்பு மேல வெச்சா மாதிரி வலிக்குது."

போர்வை வலது முழங்காலுக்கு அப்பால் தட்டையாகக் கிடந்தது. அவன் அந்த இடத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"இப்ப சொல்லு மாஸ்டர். எறங்கட்டுமா, ஒக்காரட்டுமா?"