மச்சான் தின்ற மார்பளவு

இந்த ஊரில் வீட்டுக்கு வந்தவருக்குப் பால்மா, அதாவது டின் பால்பொடி, கலந்து தேநீர் கொடுத்தால், ஒரு வாய் குடித்துவிட்டு நம்மைக் கவலையோடு பார்க்கிறார்கள். "வீட்ல கைக்கொழந்த இருக்காங்க?" என்று கேட்கிறார்கள். இல்லை என்றால் அடுத்த கேள்வி, "அப்ப யாருக்குங்க மேலுக்குச் சொகமில்ல?" கொடைக்கானலில் பால் என்றால் மாட்டிலிருந்து வர வேண்டும். டின்னிலிருந்து வந்தால் அது மருந்து. இலங்கையில் அட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்த எனக்கோ இது தலைகீழ். அங்கே மாட்டுப்பால் துரை பங்களாவுக்குப் போகும். நமக்குப் பால் என்றாலே டின்தான். மூடியைத் திறந்ததும் வருகிற அந்த வாசனைக்கு நாலு வீட்டுக்காரர்கள் கோப்பையோடு வந்து நிற்பார்கள். இதைச் சொன்னால் நாங்கள் குடியிருக்கும் நாயுடுபுரத்தில் யாரும் நம்புவதில்லை. பாவம், என்னென்ன கஷ்டமெல்லாம் பட்டிருக்கிறார்கள் என்று உச்சுக் கொட்டுகிறார்கள்.

எழுபதுகளின் கடைசியில் அக்காவும் மச்சானும் நானும் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் வெயிலில் வதங்கி, யாரோ "அங்க நம்ம நுவரெலியா மாதிரி குளிருமாம்" என்று சொன்னதை நம்பி மலையேறி வந்தவர்கள். குளிர் பொய் சொல்லவில்லை. மனிதர்களும் நல்லவர்கள். ஆனால் பழகிய இரண்டாம் நாளே அந்தக் கேள்வி வந்துவிடும்: "எப்பங்க ஊருக்குத் திரும்புறீங்க?" அங்கே சிங்கள முதலாளி கடையில் சாமான் வாங்கும்போது, "எப்ப இந்தியாவுக்குப் போறது?" என்று கேட்பார். இரண்டு பேருமே அன்பாகத்தான் கேட்டார்கள். அதுதான் எனக்கு ஆத்திரம். திட்டினாலாவது திருப்பித் திட்டலாம். இதற்கெல்லாம் ஒரே மருந்து காக்கிச் சட்டை என்று நான் முடிவு செய்தேன். வனத்துறையில் வாட்சர் வேலைக்கு ஆள் எடுக்கப் போவதாகப் பேச்சு இருந்தது. காக்கிச் சட்டை போட்டவனிடம் எப்போது ஊருக்குப் போகிறாய் என்று யாரும் கேட்கப் போவதில்லை. அந்த வேலை கிடைத்தால் நான் இந்த ஊர்க்காரன்.

இடையில் நின்றது என் மார்பு. அளவு இவ்வளவு இருக்க வேண்டும், மூச்சை இழுத்தால் இவ்வளவு விரிய வேண்டும் என்று விதி. பஜாரில் தையல்கடை வைத்திருந்த பாயிடம் போய் அளக்கச் சொன்னேன். அவர் டேப்பைச் சுற்றிப் பிடித்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "இழுங்க தம்பி." இழுத்தேன். "இழுத்துட்டீங்களா?" ஆமாம் என்றேன். "ரெண்டு வெரக்கட கொறையுதுங்க. சட்டைன்னா நான் தொளதொளன்னு தச்சுக் குடுத்துருவேன். ஒடம்பத் தைக்க முடியாதுல்ல," என்றார். அவர் வருத்தத்தோடு சொன்னதால் எனக்குக் கோபம்கூட வரவில்லை.

அப்போது நான் ஒரு சீஸ் கொட்டகையில் வேலை பார்த்தேன். பாலைச் சூடாக்கித் திரைய வைத்து, கட்டியைப் பிரித்து எடுத்தால், மிச்சம் ஒரு மஞ்சள் தண்ணீர் குடம் குடமாக வடியும். வெள்ளைக்காரர்கள் அதை 'வே' என்பார்கள். நாங்கள் பன்றித் தண்ணி என்போம், ஏனென்றால் அது பின்பக்கத்துப் பன்றிகளுக்குத்தான் போகும். பன்றிகள் எண்ணெய் தடவியதுபோல மின்னும். ஒருநாள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் அமெரிக்க விளையாட்டு வாத்தியார், ஆறடி ஆள், கொட்டகைக்குள் வந்து ஒரு தம்ளர் எடுத்து அந்தக் குடத்தில் மோந்து மடமடவென்று குடித்தார். இன்னொரு தம்ளரும் குடித்தார். என்னோடு வேலை பார்த்த அந்தோணியம்மா தம்ளரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்து வட்டக்கானல் ஊர்க்காரர், யார் பசித்திருந்தாலும் தாங்கமாட்டார். "ஏலே, அந்தாளுக்குச் சோறு போட யாரும் இல்ல போலருக்குடா. வெறும் வயிறாக் கெடக்கு," என்று சொல்லி, மறுநாள் வெள்ளனே இட்லி கட்டிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தார். அவரும் நன்றி சொல்லித் தின்றார். தின்றபின் திரும்பவும் குடத்தில் மோந்து குடித்தார். அந்தோணியம்மா அடுத்த நாளிலிருந்து இட்லியைக் கூட்டினார். வாத்தியார் தன் புஜத்தைக் காட்டி, குடத்தைக் காட்டி, மறுபடி புஜத்தைக் காட்டியபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. இந்தத் தண்ணீரில் புரதம் இருக்கிறது. அதைக் காயவைத்துப் பொடியாக்கி அவர்கள் ஊரில் டின்னில் விற்கிறார்களாம். தின்றால் உடம்பு ஏறுமாம்.

அமெரிக்காவுக்குத் திரும்பும்போது வாத்தியார் என் மார்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெரிய டின் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். எப்படிக் குடிப்பது என்று நிறையச் சொன்னார். என் இங்கிலீஷ் தோட்டத்து இங்கிலீஷ். துரை சொன்னால் ஓடத் தெரியும், நின்று கேட்டுப் பழக்கமில்லை. 'வாட்டர்' மட்டும் தெளிவாகப் புரிந்தது. அக்காவிடம் டின்னைக் கொடுத்து, "இதைக் காலையும் மாலையும் தண்ணில கலந்து குடுக்கா. என் வேலையே இதுலதான் இருக்கு," என்றேன். வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் கலப்பது என்றால் எங்கள் லயத்துப் பெண்ணுக்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. அக்கா அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, தேயிலைத்தூள் போட்டாள்.

அப்படியாக நான் புரதம் குடித்தேன். வேலை முடிந்ததும் பால் கேன்களைத் தூக்கி இறக்கி, தண்டால் எடுத்து, வேர்த்து விறுவிறுத்து வந்து அந்தத் தேநீரைக் குடிப்பேன். மார்பில் ஒன்றும் நடக்கவில்லை. வயிற்றில் நடந்தது. கடமுடவென்று ஒரு சத்தம், அது கொட்டகை முழுக்கக் கேட்கும். அந்தோணியம்மா சீஸ் துணியை உதறிக்கொண்டே, "கொஞ்சம் வெளிய போயி நின்னுட்டு வாங்க தம்பி, இங்க பால் திரைஞ்சுரும்," என்பார். எனக்குத் தேநீரில் விடுகிற ஒரு கரண்டிப் பால்மாவுக்கு மேல் பழக்கமில்லாத வயிறு என்பதும், பாலில் இருக்கிற சர்க்கரை சிலருக்குச் செரிக்காது என்பதும் பிற்பாடு ஒரு கம்பவுண்டர் சொல்லித்தான் தெரியும்.

இதற்கிடையில் மச்சான் ஊதிக்கொண்டிருந்தார். லாட்ஜில் இரவுக்காவல் வேலை, அதாவது நாற்காலியில் தூங்குகிற வேலை. உடம்பை வளைக்காத மனிதர். சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. கன்னம் கொட்டகைப் பன்றிகளைப் போல மின்னியது. இந்திய மண் அவருக்கு ஒத்துக்கொண்டுவிட்டது, எனக்குத்தான் ஒத்துவரவில்லை என்று நான் உண்மையிலேயே மனம் ஒடிந்துபோனேன்.

ஒரு மத்தியானம் வயிற்றுக் கோளாறால் நேரத்தோடு வீட்டுக்கு வந்தபோது, மச்சான் தட்டில் சோற்றுக்குப் பக்கத்தில் முட்டைப் பொரியல்போல ஒன்று குவிந்திருந்தது. வெங்காயமும் காய்ந்த மிளகாயும் போட்டு, மணக்க மணக்க இருந்தது.

"என்னக்கா அது?"

"ஒன் பால்மாதான்டா. கெட்டுப்போன சாமானக் குடுத்து அனுப்பிட்டான் அந்த வெள்ளக்காரன். சுடுதண்ணில போட்டதும் கட்டி கட்டியாத் திரியுது. நீ மொகஞ் சுளிப்பியேன்னு துணியில வடிகட்டித் தெளிவா ஒனக்குக் குடுத்தேன். கட்டியக் கொட்ட மனசு வரல. மிளகாய் போட்டுப் பெரட்டினா மச்சான் நல்லாச் சாப்பிடுறாரு."

மச்சான் மென்றுகொண்டே தலையாட்டினார். "நல்லாத்தாம்லே இருக்கு," என்றார். வந்த கொஞ்ச காலத்திலேயே அவர் பேச்சுக்கூட இந்த ஊருக்கு மாறியிருந்தது.

பால் திரைய வைப்பதையே தொழிலாக வைத்திருக்கும் எனக்கு, என் வீட்டு அடுப்பில் திரைந்தது தெரியவில்லை. கொதிநீரில் திரண்ட புரதம் முழுவதும் மச்சானுக்கு. வடிந்த சர்க்கரைத் தண்ணீர் எனக்கு. இந்தப் பொடியால் என்ன நன்மை, என்ன தீமை என்று இப்போது யாராவது கேட்டால் நான் தயங்குவதே இல்லை. எங்கள் வீட்டில் நன்மை ஒருவருக்கும் தீமை இன்னொருவருக்குமாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அந்த நன்மையும் உடம்பை வளைக்காதவனுக்கு மார்பாக வராது, தொந்தியாகத்தான் வரும் என்பதற்கு மச்சானே சாட்சி.

டின்னில் பாதி மீதி இருந்தது. அதை எனக்குத்தான் என்று சண்டை போட்டு வாங்கினேன். பச்சைத் தண்ணீரில் கலந்து பார்த்தேன், சுண்ணாம்பு குடித்ததுபோல இருந்தது, வயிற்றுச் சத்தமும் குறையவில்லை. கடைசியில் அக்கா பொரியலே கதி. அவள் தினமும் திரைய வைத்து, வடித்து, மிளகாய் போட்டுப் புரட்டித் தந்தாள். மச்சான் எதிரே உட்கார்ந்து ரசம் சோற்றைத் துக்கத்தோடு பிசைவார். ஆள் எடுக்கும் நாளில் டேப் பிடித்தவர் மலையடிவாரத்து அய்யம்பாளையத்துக்காரர். "இழு... இன்னும் இழு... வயித்த இல்லப்பா, மார," என்றார். பிறகு, "ம், தேறிட்ட. வெரசா அந்தப் பக்கம் போ," என்றார். தேறியது பொடியாலா, பால் கேன்களாலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தோணியம்மா தன் ஜெபத்தால் என்கிறார்.

காக்கி வந்தது. நான் நினைத்தது சரிதான். நாயுடுபுரத்தில் ஊருக்கு எப்போது திரும்புகிறாய் என்று கேட்பதை ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். வணக்கம் சொன்னார்கள். பாய் சட்டையைத் தொளதொளப்பில்லாமல் தைத்துக் கொடுத்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வட்டக்கானல் பக்கத்துச் சோலைக்காட்டுக்குக் காவலுக்குப் போனேன். வெளியாட்கள் விறகு எடுத்தால் பிடிக்க வேண்டும் என்பது உத்தரவு. வெளியாட்கள் என்றால் யார் என்று கேட்டேன். "எல்லாம் அந்தச் சிலோன்காரப் பொம்பளைங்கதான்," என்றார் என் மேலதிகாரியான பாரஸ்டர். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். சட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை. எனக்குச் சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ஒற்றையடிப் பாதையில் தலைச்சுமையோடு வந்தது அக்கா. நான் வழியை மறித்து நின்றேன். "இதுல வெறகு எடுக்கக் கூடாதுக்கா. ஆர்டர்."

அவள் சுமையை இறக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தச் சட்ட ஒன் மார்ல நிக்கிறதுக்கு நான் எவ்வளவு வெறகு எரிச்சிருப்பேன்? அதெல்லாம் எங்கருந்து வந்துச்சுன்னு நெனச்ச?"

அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சுமையை வாங்கி என் தலையில் வைத்துக்கொண்டேன். அவள் வெறுங்கையோடு பின்னால் வந்தாள். பாதை ரோட்டில் ஏறும் வளைவில் ஜீப் சத்தம் கேட்டது. "நெஞ்ச நிமித்தி நட. பாரஸ்டர்னா சல்யூட் அடிக்கணும்ல," என்றாள். இடது கையால் விறகைப் பிடித்துக்கொண்டு, வலது கையைச் சல்யூட்டுக்குத் தயாராக வைத்துக்கொண்டு நடந்தேன்.